ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும்: நால்வர் குடும்பம் அதை வைத்தே வாழ முடியுமா?

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, பழைய கிணறும் இலவச மின் இணைப்பும் உண்டு, கோவையில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு மனைவியோடும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடும் அங்கே போய், கடையில் எதுவும் வாங்காமல் சிக்கனமாக வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த நிலம் நாலு பேருக்குச் சோறு போடுமா என்பது ஒன்று. சோறு போக மற்ற செலவுக்கும் அதிலிருந்தே பணம் வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் போடும். இரண்டாவதற்கு, வராது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள்தான் மூன்றாம் வருடம் நிலத்தை விற்கப் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் வேளாண்மைத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இப்போது மனைவியோடு சேர்ந்து சொந்த நிலத்தில் பாடுபடுகிறேன். நான் சொல்லும் அளவுகள் அந்த வறண்ட கரிசல், செம்மண் பூமிக்குப் பொருந்தும். தஞ்சாவூர்க் காவிரிப் பாசனத்துக்கோ பொள்ளாச்சித் தோப்புக்கோ இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்ற பழமொழியைச் சொல்லிக் கணக்கே பார்க்காமல் இருப்பது நம் ஊரில் வழக்கம். சின்ன நிலம் வைத்திருப்பவர் அப்படி இருக்க முடியாது. தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, ஒரு வட்டாரத்து மக்களுக்குச் சத்தான சாப்பாட்டுக்கு எந்தப் பயிர் எவ்வளவு நிலத்தில் வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அதன்படிதான் பயிர் வைக்க வேண்டும் என்றார். அதையே ஒரு வீட்டு அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். உங்களிடம் 150 சென்ட் இருக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது. கிணறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, சித்திரை, வைகாசியில் அதில் எவ்வளவு ஊறுகிறது என்று எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிரம்பி நிற்பதைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. கோடையில் ஒரு நாள் மோட்டாரை ஓட்டி, தண்ணீர் வற்றும் வரை இறைத்துவிட்டு, மறுநாள் காலை அதே நேரத்தில் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். 20 அடிக்கு 20 அடி சதுரக் கிணறு என்றால் ஒரு அடித் தண்ணீர் கிட்டத்தட்ட 11,300 லிட்டர். சொட்டுநீரில் காய்கறிக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் 10 சென்ட்டுக்கு 1,600 லிட்டர் போகும். ஆக, கோடையில் தினம் ஒரு அடி ஊறினாலே 70 சென்ட் வரைக்கும் உயிர்த்தண்ணீர் கொடுத்துவிடலாம். அந்த ஒரு அடியும் ஊறவில்லை என்றால் நிலத்தை மானாவாரி என்றே நினைத்துத் திட்டம் போடுங்கள். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுவதை மட்டும் முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை உருட்டிச் சொன்னாலும் சரி, கருவி வைத்துச் சொன்னாலும் சரி.

இந்தக் கணக்கைப் பார்த்தால் நெல் ஏன் வேண்டாம் என்று புரிந்துவிடும். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பருவம் முழுக்க 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை. அதாவது 48 லட்சம் லிட்டருக்கு மேல். மாவட்டத்தின் ஆண்டு மழையே 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். வீட்டு அரிசியை நாமே விளைவிக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீரை வைத்து அந்த ஆசையைத் தீர்த்தால், அதே தண்ணீரில் விளைந்திருக்கக் கூடிய எண்ணெயும் காயும் பாலும் போய்விடும். ரேஷன் கடையில் அட்டையைப் பொறுத்து மாதம் 12 முதல் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை. பாதித் தானியம் அரிசியாக அங்கிருந்து வரட்டும், மீதிப் பாதி உங்கள் காட்டில் சோளமாகவும் கம்பாகவும் விளையட்டும்.

நாலு பேருக்கு ஆண்டுக்கு 480 கிலோ தானியம் என்று எடுத்துக்கொண்டால், பாதி 240 கிலோ. மானாவாரிச் சோளம் ஏக்கருக்கு 500 கிலோ வந்தால் நல்ல விளைச்சல். 60 சென்ட்டில் 300 கிலோ வரும். மிஞ்சுவது விதைக்கும் கோழிக்கும் ஆகும். சோளத்தைத் தனியாக விதைக்காதீர்கள். தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, இடையிடையே ஒரு வரிசை துவரை என்று நம் முன்னோர் கலந்து விதைத்ததற்குக் காரணம் இருக்கிறது: மழை ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று தப்பிக்கும். அதே 60 சென்ட்டில் 40 முதல் 60 கிலோ பயறு வகை சேரும். வீட்டுத் தேவையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மழை தாமதமாகிவிட்டால் புரட்டாசியில் கொள்ளாவது விதைத்துவிட வேண்டும், நிலம் சும்மா கிடக்கக் கூடாது. விளைவிப்பதைவிடக் காப்பாற்றி வைப்பதுதான் பெரிய வேலை. பயறைக் கடித்தால் 'டக்'கென்று உடையும் அளவு காயவைத்து, துவரையை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டு அவ்வளவாகத் தொடாது. முழுப்பயறாக வைப்பதில்தான் பயறு வண்டு குடியேறுகிறது. கம்பு மாவு ஒரு வாரத்தில் கசந்துவிடும், தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முதல் நாளே சோளச்சோறு சாப்பிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோசை மாவில் கலந்து பழக்குவதுதான் எங்கள் பக்கம் பலித்திருக்கிறது.

எண்ணெய்க்கு நிலக்கடலை. இதில் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆடியில் விதைத்து, நடுவே கிணற்றிலிருந்து இரண்டு மூன்று தண்ணீர் விட முடிந்தால் ஏக்கருக்கு 700 கிலோ காய் எதிர்பார்க்கலாம். 25 சென்ட்டில் 175 கிலோ. உரித்தால் பத்துக்கு ஏழு பங்கு பருப்பு, மரச்செக்கில் ஆட்டினால் 100 கிலோ பருப்புக்கு 40 கிலோ எண்ணெய். வருடத்துக்கு 30 கிலோ எண்ணெய், அதாவது மாதம் இரண்டே முக்கால் லிட்டர் போதும் என்றால் அதற்கு 107 கிலோ காய்தான் செலவாகிறது. விதைக்கு எடுத்து வைத்ததுபோக, அவித்துத் தின்னவும் சட்னிக்கும் மிச்சம் இருக்கும். செக்குக்காரர் புண்ணாக்கை எடுத்துக்கொண்டு கூலி வேண்டாம் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். கூலியைக் கொடுத்துவிட்டுப் புண்ணாக்கை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், அது மாட்டுக்கு வேண்டும். கடலைக்கொடியும் மாட்டுக்குத்தான். மயிலும் காட்டுப்பன்றியும் கடலைக்காட்டைத் தேடி வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மயில் விதைத்ததைக் கிளறும், பன்றி விளைந்ததைத் தோண்டும். அந்த இரண்டு சமயத்திலும் காவல் இல்லாமல் முடியாது.

காய்கறிக்கும் மிளகாய்க்கும் 8 சென்ட் தாராளம். கத்தரி, வெண்டை, தக்காளி, அவரைப் பந்தல், கீரை, வேலியோரம் நாலு முருங்கை, இரண்டு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை. நாலு தென்னை இருந்தால் தேங்காய் வாங்க வேண்டாம். இதெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் திரும்புகிறவர்கள் முதலில் வாங்குவதும் முதலில் விற்பதும் மாட்டைத்தான். காங்கேயம் பசு ஒரு ஈற்றில் 500 முதல் 600 லிட்டர் பால் கொடுத்தால் நல்ல பசு. நாளுக்கு இரண்டு லிட்டர், அதுவும் ஏழெட்டு மாதம்தான். பிறகு அடுத்த கன்று வரும் வரை பால் இல்லை. கலப்பின மாடு எட்டுப் பத்து லிட்டர் கொடுக்கும், ஆனால் அந்தப் பாலில் பெரும்பகுதி தீவனக் கடைக்குப் போய்விடும். பால் வியாபாரம் உங்கள் நோக்கம் இல்லையென்றால் அது வேண்டாம். இனி தீனிக் கணக்கு. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ உலர்தீவனம் என்றால் ஆண்டுக்கு 1.8 டன். உங்கள் 60 சென்ட் சோளத்தட்டையும் கடலைக்கொடியும் சேர்ந்து ஒன்றரை டன்னைத் தொட்டால் அதிகம். குறைவதை ஈடுகட்ட 12 சென்ட்டில் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணை நட்டு வையுங்கள். அது ஏக்கருக்கு 150 டன் வரும் என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது நிறைய உரமும் தண்ணீரும் கொடுத்து எடுத்த விளைச்சல். உங்கள் கிணற்றுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாட்டுக்கும் கன்றுக்கும் போதும். ஆக, இந்த நிலம் ஒரு பசுவைத்தான் ஒழுங்காகக் காப்பாற்றும். இரண்டாவது பசு வந்தால் வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும், அப்போது சிக்கனம் என்ற பேச்சே போய்விடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: இளஞ்சோளப் பயிரையும் மழையில்லாமல் வாடிய சோளப் பயிரையும் மாடு மேய்ந்தால் விஷமேறிச் செத்துப்போகலாம். வாடாத பயிரைப் பூத்த பிறகு அறுத்துப் போட்டால் பயம் குறைவு.

ஒரு பசுவின் சாணத்தை வைத்து எரிவாயுவும் உரமும் எல்லாம் ஆகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நாட்டுப்பசு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சாணம் போடும். ஒரு கனமீட்டர் எரிவாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும், நாலு பேர் சமையலுக்கு அந்த ஒரு கனமீட்டராவது வேண்டும். ஆகவே ஒரு பசுவை நம்பிச் சாண எரிவாயுக் கலன் கட்டினால் பாதிச் சமையல்தான் நடக்கும். உரத்திலும் அப்படித்தான். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடச் சொல்கிறோம். ஒரு பசுவின் ஆண்டுச் சாணம் மக்கிய பிறகு இரண்டு டன் தேறும், 40 சென்ட்டுக்கு ஆகும். மீதிக்குக் கொழிஞ்சி, சணப்பு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து மடக்கி உழுவதும், கோடையில் கிடைக்காரர்களைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போடுவதும் (ஆட்டு மந்தையை இரவில் நிலத்திலேயே அடைத்து வைப்பது)தான் வழி. கிடைக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. மண்ணில் மக்கு கூடினால் ஈரம் நிற்கும், விளைச்சல் நிலைக்கும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சாணம், கோமியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் பற்றி அதே உறுதியோடு பேச மாட்டேன். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் போடுவது 10 கிலோ சாணம். அதில் இருக்கும் தழைச்சத்து ஐம்பது கிராம் அளவுதான். கீரையும் காயும் தெளிச்சியாக வருவதை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் அவற்றை ஊற்றுகிறவர்கள் இலைதழை மூடாக்கும் போடுகிறார்கள், தொழுவுரமும் போடுகிறார்கள். பலன் எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். செய்யுங்கள், செலவில்லாதது. அதை மட்டும் நம்பித் தொழுவுரத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் களத்துக்கும் 10 சென்ட் போட்டால், மேலே சொன்னதெல்லாம் சேர்த்து 115 சென்ட் ஆகிறது. விற்பதற்கு மிச்சம் 35 சென்ட். அதில் சின்ன வெங்காயம் வைத்தால் 65, 70 நாளில் எடுத்துவிடலாம், 1.7 டன்னிலிருந்து 2 டன் வரை வரும். விலை கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் 40,000 ரூபாய்க்குள்தான். 60 ரூபாய் போனால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இரண்டையும் பார்த்துவிட்ட ஊர் இது. அதோடு விதைக்காய் 200 கிலோவுக்கு மேல் வேண்டும். விலை ஏறும் வருடம் விதைக்காயின் விலையும் ஏறியிருக்கும். பட்டறை (காற்றோட்டமான சேமிப்புக் கொட்டகை) போட்டு இரண்டு மூன்று மாதம் வைத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் இதில் தப்பிக்கிறார்கள். முருங்கையும் அப்படித்தான், பங்குனிக்குப் பிறகு ஒட்டன்சத்திரம் சந்தையில் குவிந்துவிடும்போது பறிகூலி கட்டாது. மூன்று நான்கு வெள்ளாடுகள் வளர்த்து, ஜூன் மாதம் பள்ளிச் செலவுக்கு ஒன்றை விற்பது பயிரைவிட நம்பகமான பணம். பத்து நாட்டுக்கோழி இருந்தால் ஆண்டுக்கு 500 முட்டைக்குக் குறையாது, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவந்தால்.

எல்லாம் சேர்த்து நல்ல வருடத்தில் 60,000 முதல் 80,000 ரூபாய் கையில் நிற்கலாம் என்பது என் கணிப்பு. செலவைப் பாருங்கள். உப்பு, டீத்தூள், சர்க்கரை, சீரகம், மிளகு, சோப்பு, துணி, பெட்ரோல், போன், காஸ், பள்ளி, மருந்து. இவற்றுக்கு மேல் மொய். நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீடு குடிபோவது என்று ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு இரண்டு வரும். வாங்கிய மொய்யைத் திரும்பச் செய்தாக வேண்டும், தாய்மாமன் சீர் என்றால் பேசவே வேண்டாம். கோவையில் இருக்கும் வரை 'வர முடியவில்லை' என்று சொல்லித் தப்பியிருப்பீர்கள், உள்ளூரில் அது நடக்காது. சாப்பாடு முழுக்க நிலத்திலிருந்து வந்தாலும், இப்படிப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 12,000 முதல் 15,000 ரூபாய் ரொக்கம் வேண்டியிருப்பதைத்தான் சுற்றிலும் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தை ஒட்டியாவது ஆகும். ஏறக்குறைய பாதி துண்டு விழுகிறது.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை. 2018–19ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஒன்றிய அரசு எடுத்த 77ஆவது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்ப்பவர்களே பயிரைவிட வெளிவேலையில்தான் அதிகம் சம்பாதிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருவர் வைத்திருக்கும் சராசரி நிலம் 2015–16 வேளாண் கணக்கெடுப்புப்படி 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உங்களுக்கு அதுவும் இல்லை. எனவே வேலையை முழுசாக விடாதீர்கள் என்பேன். வீட்டிலிருந்து செய்யக் கூடியதாக மாற்றிக்கொள்ள முடியுமா, வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைக்குமா, வேடசந்தூரிலேயே நூற்பாலையிலோ வேறு இடத்திலோ கணக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 8,000 ரூபாய் நிலையாக வெளியிலிருந்து வந்தால் இந்த வாழ்க்கை நிம்மதியானது. வராவிட்டால் முதல் ஆஸ்பத்திரிச் செலவிலேயே நகை அடகுக்குப் போய்விடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தாவிட்டால் மருத்துவக் காப்பீட்டை மட்டும் சிக்கனத்தின் பேரில் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இதை உரிமையோடு கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடியுமுன் சாணம் அள்ளுவது, பால் கறப்பது, பயறு புடைப்பது, கடலை உரிப்பது, வடகம், ஊறுகாய், விறகடுப்பு என்று வாங்காமல் விட்ட ஒவ்வொரு பொருளும் வீட்டில் யாரோ ஒருவரின் கை வேலையாக வந்து நிற்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்தான். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் பால் கறக்க ஆள் பார்த்துவிட்டுத்தான் போக முடியும். புகையில் உட்கார்ந்து மிச்சம் பிடிக்கிற காஸ் பணம் பின்னால் நுரையீரல் மருந்துக்குப் போவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். குளிக்க வெந்நீர் வைக்க விறகு, சமையலுக்கு காஸ் என்பதில் மாற்றமே வேண்டாம். யார் எந்த வேலையைச் செய்வது என்று போவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் நிலம் அங்கேயேதான் இருக்கும், இன்னும் சில வருடம் பொறுக்கலாம்.

குடிதண்ணீரைச் சோதிக்காமல் போகாதீர்கள். அந்த மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள ஊர்கள் உண்டு, வளரும் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் அது கெடுக்கும். கிணற்று நீர் சரியில்லை என்றால் கூரை மழைநீரைச் சேமிக்கலாம். 1,000 சதுர அடிக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியதும் ஆவியானதும் போக 59,000 லிட்டர் வரும்; குடிக்கவும் சமைக்கவும் நாலு பேருக்கு வருடம் முழுக்க அது போதும். தொட்டி கட்டத்தான் செலவு.

உடனே செய்ய வேண்டியது இதுதான். வரும் சித்திரையில் கிணற்றை அளந்து பாருங்கள். வேலையில் இருந்துகொண்டே ஒரு ஆடிப்பட்டம் சோளமும் கடலையும் விதைத்து, உழவுக் கூலி முதல் களத்துச் செலவு வரை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்பா பெயரிலோ சித்தப்பாக்களோடு கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் பாகம் பிரித்துத் தனிப்பட்டா வாங்குவதுதான் எல்லாவற்றுக்கும் முதல் வேலை. உங்கள் பெயரில் சிட்டா இருந்தால் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கலாம், அது இருந்தால் சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம் உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு, கடைசியாக முடிந்த ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள் சேர முடியாது என்பதையும் கவனத்தில் வையுங்கள். மோட்டார் இணைப்பும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பட்டா மாறிய கையோடு மின்வாரிய அலுவலகத்தில் அதையும் மாற்றிவிடுங்கள். கிணறு பொதுக் கிணறாக இருந்தால் முறைத்தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை உங்களுக்கு வருகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து மேலே சொன்ன சென்ட் கணக்கைத் திருத்திச் சொல்கிறேன்.